ஒத்து ஊத ஓர் ஆள் வேண்டும்

அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டிய 36 வருஷத்தில் நான் அதிகம் கேட்ட வசவுகள் இரண்டு. ஒன்று, ‘ஒத்து ஊதுகிறான்’. மற்றொன்று, ‘ஜால்ரா போடுகிறான்’. மேலதிகாரி எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆசாமியை இப்படிச் சொல்வோம். ரிடையர் ஆகி, சாவகாசமாகச் சங்கீதம் கேட்க உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். இரண்டு வசவுமே பக்கத்தில் உட்கார்ந்து துணை செய்கிறவனைப் பற்றியவை. அந்தத் துணையை நாம் எவ்வளவு இளக்காரமாக நினைத்திருந்தால் அதை வசவாக்கியிருப்போம்! இப்போது அந்த வேலையை மெஷினிடம் கொடுத்துவிட்டோம். கொடுத்தது சரியா, எவ்வளவு தூரம் சரி என்பதுதான் இன்றைய விஷயம்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு எங்கே போனாலும் சங்கீதம் பாடுகிற வீடு ஒன்று கண்ணில் படும். அந்த வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். சுருதிக்கு ஒரு சின்னப் பெட்டி, அல்லது செல்போனில் ஒரு செயலி. ஐந்தரைக் கட்டை என்று தொட்டால் தம்பூரா மீட்டத் தொடங்குகிறது. ஆதி தாளம், ரூபகம், மிச்ர சாபு என்று தேர்ந்தெடுத்து, வேகத்தையும் சொன்னால் தபலாவோ மிருதங்கமோ வாசிக்கிறது. சினிமாப் பாட்டுப் பிரியர்களுக்குக் குரலை நீக்கிய ‘மைனஸ் ஒன்’ டிராக். இன்னும் ஒரு படி மேலே போய், நாம் ஒரு மெட்டை முணுமுணுத்தால் கிடார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்த்து வாத்தியக் கோஷ்டியையே அமைத்துக் கொடுக்கிற செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் வந்தாயிற்று. சூனோ என்கிற பெயரை உங்கள் பேரப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

இது திடீரென்று வானத்திலிருந்து குதித்ததல்ல. அமெரிக்காவில் வுர்லிட்சர் கம்பெனி 1959-இல் ஒரு தாள மெஷினைக் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸைட் மேன்’. நம் பாஷையில் பக்கவாத்தியக்காரர்! ஜப்பானில் கோபே நகரத்தில் டைசுகே இனோவே 1971-இல் கரோக்கே மெஷினைச் செய்தார். கரோக்கே என்றால் காலியான ஆர்க்கெஸ்ட்ரா என்று அர்த்தம். பெங்களூரில் புல்லாங்குழல் வாசிக்கிற எஞ்சினீயரான ஜி. ராஜ்நாராயண், 1979-இல் எலக்ட்ரானிக் தம்பூராவை உருவாக்கினார். அவருடைய ராடெல் பெட்டி இல்லாத கர்நாடக சங்கீத வீடு ஒரு காலத்தில் அபூர்வம். 1990-இல் கனடாவிலிருந்து ‘பேண்ட் இன் எ பாக்ஸ்’ என்கிற மென்பொருள் வந்தது. பாட்டின் கார்டுகளை வரிசையாகத் தட்டச்சு செய்து, ஜாஸா, வால்ட்ஸா என்று பாணியைச் சொன்னால் பியானோவும் பேஸும் டிரம்ஸும் தானாகத் துணை வாசிக்கும். இன்று நம் கைக்குள் இருப்பதெல்லாம் இவற்றின் பிள்ளை, பேரன்மார்தான்.

மெஷின் என்றாலே ஆகாது என்று சொல்கிற ஆள் நானில்லை. நம் சங்கீதம் வெளியிலிருந்து வந்ததை வாங்கிக்கொள்ளத் தயங்கியதும் இல்லை. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் இங்கே மதராசில்தான், மணலி முதலியாரின் ஆதரவில், வெள்ளைக்காரர்களின் வயலினைக் கற்றுக்கொண்டார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? அதே சமயம், ஹார்மோனியத்தை ஆல் இந்தியா ரேடியோ 1940-இல் தடை செய்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. இரண்டும் ஐரோப்பியச் சரக்குதான். பிறகு ஏன் ஒன்றுக்கு மேடை, மற்றதற்குத் தடை? வயலின் பாடகரின் குரலை அசைவுக்கு அசைவு பின்தொடரும். ஹார்மோனியக் கட்டைகள் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாண்டும், கமகத்தில் வளையாது. ஆகவே கேள்வி எந்த ஊர்ச் சரக்கு என்பதல்ல, மரமா மின்சாரமா என்பதும் அல்ல. பாடுகிறவர் பின்னால் அது வருகிறதா, வரவில்லையா? அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சுருதிப் பெட்டி தேறிவிடும். சுருதியின் வேலையே அசையாமல் நிற்பது. பாடகர் எங்கே போனாலும் வீடு அங்கேயே இருக்க வேண்டும். அசையாமல் நிற்பதில் மெஷினை மிஞ்ச ஆள் கிடையாது. தந்தி இறங்காது, கை வலிக்காது.

தாளம் அப்படியல்ல. மிருதங்கக்காரர் எண்ணிக்கையை மட்டும் காப்பவர் என்று நினைப்பவர்கள், நல்ல மிருதங்கத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவர்கள். பாட்டு சமத்தில் எடுக்கிறதா, அரை இடம் தள்ளி எடுக்கிறதா என்று பாடகரின் உதட்டைப் பார்த்தே அவருக்குத் தெரியும். பாடகர் கீழ் ஸ்தாயிக்கு இறங்கினால் வலது கை மென்மையாகும். சங்கதி விரிந்துகொண்டே போனால் சொற்கள் கூடும். சிட்டஸ்வரம் என்றால் ஸ்வரத்தோடு ஒட்டி நடக்கும். புதிதாகப் பாடுகிற குழந்தை தடுமாறினால் சமத்தை ஒரு தட்டு அழுத்தித் தட்டி, ‘இதோ இங்கே இருக்கிறேன், வா’ என்று கூப்பிடுவார். செயலிக்கு உதடும் தெரியாது, தடுமாற்றமும் தெரியாது. நாம் மூச்சு வாங்க நின்றாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். விளைவு என்ன? பாடுகிறவருக்காகப் பக்கவாத்தியம் என்பது மாறி, பக்கவாத்தியத்துக்காகப் பாடுகிறவர் ஓட வேண்டியிருக்கிறது. வசவாகச் சொல்கிறோமே, ஜால்ரா, அதைப் போடுவதற்குக்கூடப் பாட்டைக் காதில் வாங்க வேண்டும், ஐயா!

நான் புதுச்சேரிக்காரன், படித்தது பிரெஞ்சு மீடியம். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு தடவை ‘ஸொல்ஃபேஜ்’ வகுப்பு உண்டு. தோ, ரே, மி என்று ஸ்வரம் சொல்லியபடியே கையால் தாளம் போட வேண்டும். மேஜைமேல் கோபுரம் போல ஒரு மெத்ரோனோம் நிற்கும். அது 1815-இல் மெல்ஸல் என்பவர் பேட்டண்ட் வாங்கிய சாதனம். சாவி கொடுத்தால் ஊசி இப்படியும் அப்படியும் ஆடி, டிக் டிக் என்று வேகத்தைச் சொல்லும். எங்கள் வாத்தியார் அதைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். பிறகு, பாதிப் பாட்டில், ஒரு விரலால் ஊசியைப் பிடித்து நிறுத்திவிடுவார். அதற்கப்புறம் யார் தாளத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் பரீட்சை. மெத்ரோனோம் இருந்தது அதை நிறுத்துவதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த பாஷையில் பக்கவாத்தியத்துக்கு ‘அக்கொம்பாஞ்மான்’ என்று பெயர். ‘கொம்பாஞ்ஞோன்’, அதாவது தோழன், என்கிற சொல்லோடு பிறந்தது அது. அந்தத் தோழனின் மூலத்தைத் தேடிக்கொண்டு லத்தீனுக்குப் போனால், ரொட்டியைப் பங்கிட்டுக்கொள்கிறவன் என்று வருகிறது. நம் கணக்கில் சொன்னால், பந்தியில் பக்கத்து இலைக்காரன். இந்தச் சொல்லாராய்ச்சியை இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. நான் பார்த்த பக்கவாத்தியங்களில் பலதும் பக்கத்து இலையிலிருந்து வந்தவைதான்.

எண்பதுகளில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் என் மகள் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் மிருதங்கம் கற்கிற ஒரு பையன் சைக்கிளில் வருவான். பின் கேரியரில், பழைய வேட்டி சுற்றிய மிருதங்கம். அவனுடைய குரு, ‘போய் வர்ணத்துக்கும் நாலு கீர்த்தனைக்கும் வாசிச்சுட்டு வா’ என்று அனுப்புவார். என் மகள் தப்புவாள், அவனும் தப்புவான், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு மறுபடி எடுப்பார்கள். முடிந்ததும் அடையோ உப்புமாவோ சாப்பிட்டு, காபி குடித்து, என் மனைவி வெற்றிலையில் வைத்துக் கொடுக்கிற 10 ரூபாயை வாங்கிக்கொண்டு கிளம்புவான். சபாவில் இரவு முழுக் கச்சேரிக்கு வாசிக்கப் போகிறவன் முதலில் ஏற வேண்டிய படி இந்த மாதிரிக் கூடங்கள்தான். தப்பாகப் பாடுகிற குழந்தைக்கு வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பெரிய வித்வான் திடீரென்று தாளத்தில் விளையாடும்போது கை நடுங்காது.

இந்தப் படி இதற்கு முன்பும் ஒரு தடவை போயிருக்கிறது. நாகஸ்வரக் கோஷ்டியில் ஒத்து ஊதுகிறவரை நினைத்துப் பாருங்கள். நாகஸ்வரம் போலவே நீளமான குழல், ஆனால் ராகம் வாசிக்க முடியாது, ஒரே சுருதிதான். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விடாமல் ஊத வேண்டும். பல இடங்களில் சிஷ்யப் பிள்ளைதான் ஒத்து ஊதுவான். ஊதிக்கொண்டே, மணிக்கணக்கில் பெரியவர் வாசிக்கும் ராகத்தை ஓரடி தூரத்திலிருந்து காதில் நிரப்பிக்கொள்வான். பாடகருக்குப் பின்னால் தம்பூரா மீட்டுகிற சிஷ்யையின் இடமும் அப்படிப்பட்டதே. சுருதிப் பெட்டி வந்தது, ஒத்து போயிற்று. பல மேடைகளில் தம்பூராவும் போயிற்று. சுருதிக்கு நஷ்டமில்லை என்று மேலே சொன்னேன், அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்தச் சிஷ்யன் உட்கார்ந்திருந்த இடம் போயிற்று. அந்த இடம் ஒரு பள்ளிக்கூடம். அதற்கு யாரும் மாற்று ஏற்பாடு செய்யவில்லை.

கோயில்களில் இன்னும் மோசம். தெருக்கோடிக் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் மோட்டார் வைத்த ஒரு மெஷின் மணியையும் முரசையும் டமடமவென்று அடிக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அர்ச்சகர் சுவிட்சைத் தட்டினால் தொடங்கும், தட்டினால் நிற்கும். ஒரு தவில்காரர், ஒரு நாகஸ்வரக்காரர், ஒத்து ஊத ஒரு பையன், ஆக மூன்று பேர் நின்ற இடத்தில் அது நிற்கிறது. சத்தம் இருக்கிறது, பூஜை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப வாசிப்பதுதான் இல்லை. ஆள் கிடைக்கவில்லை என்று சொல்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். படியை எடுத்துவிட்டு, மாடியில் ஆளைக் காணோம் என்று தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்?

சினிமாவிலும் இதைப் பார்த்தோம். 1986-இல் ‘புன்னகை மன்னன்’ வந்தபோது கம்ப்யூட்டர் இசை என்று ஊரே பேசியது. 1992-இல் ‘ரோஜா’. அருமையான பாட்டுகள்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முந்தின காலத்தில் ஒரு பாட்டுக்காக வடபழனிப் பக்கத்து ஸ்டூடியோக்களில் கும்பலாக உட்கார்ந்து வாசித்த வயலின்காரர்களுக்கும் தபலாக்காரர்களுக்கும் வேலை குறைந்தது. கல்யாண ரிசப்ஷன்களில் பத்துப் பதினைந்து பேர் வாசித்த மெல்லிசைக் குழுவின் இடத்தில் பல சமயம் ஒரு லேப்டாப்பும் இரண்டு பாடகர்களும் நிற்கிறார்கள்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லாவிட்டால், நோட் ஃபைலில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பிய மாதிரி ஆகிவிடும். டொராண்டோவில் இருக்கிற குழந்தை சென்னை டீச்சரிடம் ஆன்லைனில் கற்கிறது. இணையத்தில் ஒலி போய்ச் சேர ஒரு கண நேரம் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் பாட்டும் மிருதங்கமும் ஒன்றாக நிற்காது. அந்தக் குழந்தைக்குச் செயலிதான் கதி. தனியாக இருக்கிற என் வயதுக்காரர் ராத்திரி பத்து மணிக்குப் பாட நினைத்தால் யாரைக் கூப்பிடுவார்? காதில் மாட்டிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, சுருதியை ஒரு கட்டை இறக்கி, பக்கத்து ஃபிளாட்டுக்குத் தொந்தரவில்லாமல் பாடலாம். என் மனைவி தினம் காலையில் செயலியோடுதான் சாதகம் செய்கிறாள். நானும் புல்லாங்குழலை எடுத்தால் அதைத்தான் போடுகிறேன். சாதகத்துக்கு அது சலித்துக்கொள்ளாத துணை. நூறு தடவை ஒரே வரியைப் பாடினாலும் கடிகாரத்தைப் பார்க்காது.

ஆனால் இதில் ஒரு வினை இருக்கிறது. அதைப் போன நவராத்திரியில் கண்ணால் பார்த்தேன். எங்கள் அடுக்ககத்தில் ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு, தி.நகரில் ஆறு வருஷமாக மிருதங்கம் கற்கிறான். விரல் என்றால் அப்படி ஒரு விரல். கொலுவுக்குப் பாட்டியின் பாட்டுக்கு வாசியேன் என்று கூப்பிட்டோம். வந்தான். கண் முழுக்கத் தன் கைமேல், பாடுகிறவளைப் பார்க்கவேயில்லை. என் மனைவிக்கு எழுபது தாண்டிவிட்டது. சரணத்தில் மூச்சு வாங்க ஒரு கணம் நின்றாள். அவன் நிற்காமல் போய்விட்டான். பாட்டு ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். முடிந்ததும் அவன் கோபமில்லாமல், உண்மையான குழப்பத்தோடு கேட்டான்: “பாட்டி, நீங்க நடுவுல நிறுத்தினா நான் எப்படி வாசிக்கிறது?”

விசாரித்தால், அவன் வீட்டில் பழகுவதெல்லாம் ரிக்கார்ட் செய்த பாட்டோடுதான். அதில் பாடகர் மூச்சு வாங்கத் தாமதிப்பதில்லை. மிருதங்கம் இல்லாமல் பாடுகிறவர்களைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். பாடகர் இல்லாமல் மிருதங்கம் கற்கிற தலைமுறையும் வளர்ந்துவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு செல்போன்.

என் மனைவி சொன்னது இவ்வளவுதான்: “நான் மூச்சு வாங்கறேன்டா கண்ணா, நீ பாத்துக்கோ.” அடுத்த இரண்டு நாளும் வந்தான். மூன்றாம் நாள் அதே கீர்த்தனை, அதே சரணம். அவள் மறுபடி நின்றாள். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். கையை அடக்கி, வெறும் தாளத்தை மட்டும் மெதுவாக வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் எடுத்ததும் சேர்ந்துகொண்டான். வந்திருந்தவர்கள் பெரும்பாலோருக்கு அங்கே ஒன்று நடந்ததே தெரியாது. ஆறு வருஷ வகுப்பிலும் ஆயிரம் ரூபாய்ச் செயலியிலும் வராதது மூன்று சாயங்காலத்தில், ஒரு கிழவியின் மூச்சிரைப்பிலிருந்து வந்தது. கெட்டிக்காரத்தனம் அவனிடம் முன்பே இருந்தது. யாருக்காகவாவது காத்திருக்க வேண்டிய சந்தர்ப்பம்தான் அதுவரை வாய்க்கவில்லை.

இந்தச் சந்தர்ப்பத்தை உண்டாக்குகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளின் மைக் இல்லாக் கச்சேரி நடக்கும். பாடுவதும் குழந்தை, வயலினும் குழந்தை, மிருதங்கமும் குழந்தை. மைக் இல்லாததால் ஒருவர் மற்றவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். மிருதங்கம் அடங்காவிட்டால் பாட்டு காதில் விழாது. மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த பாலக்காடு மணி ஐயருக்கு இது பிடித்திருக்கும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போகலாம், செலவில்லை.

என்னுடைய யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன். சாதகத்துக்குச் செயலியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் மாதிரி, பாதியில் அதை நிறுத்திவிட்டுக் கையால் தாளம் போட்டு மிச்சத்தைப் பாடுங்கள். குழந்தைகளை அவசியம் அப்படிப் பாட வையுங்கள். கொலு, சஷ்டியப்த பூர்த்தி, காதுகுத்து, அடுக்ககத்துப் பொங்கல் விழா என்று நாலு பேர் கூடுகிற நாளில் மட்டும் டிராக்கைப் போடாதீர்கள். உங்கள் தெருவில் வயலினோ மிருதங்கமோ கற்கிற பிள்ளை நிச்சயம் இருக்கும். அடையாறு கிரீன்வேஸ் சாலை இசைக் கல்லூரியிலிருந்து வருஷா வருஷம் படித்து முடித்து வெளியே வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். தப்பு வரும், வரட்டும். பெரிய தொகை கொடுக்க முடியாவிட்டாலும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். கவரில் போட்டு, தாம்பூலத்தோடு கொடுங்கள். சின்னக் கோயில் கமிட்டிகளில் இருக்கும் நண்பர்கள், தினமும் முடியாவிட்டால் வெள்ளிக்கிழமையாவது அந்த மோட்டார் முரசின் சுவிட்சைத் தொடாமல் ஒரு தவிலுக்கும் நாகஸ்வரத்துக்கும் வழி செய்யுங்கள்.

நவராத்திரிக்கு இன்னும் நாளிருக்கிறது. அந்தப் பையனிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டோம், இந்த வருஷம் ஒன்பது நாளும் வரச் சொல்லி. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தினமும் சுண்டலா, இல்லை ஒரு நாளாவது அடை உண்டா என்று. உண்டு என்று சொல்லியிருக்கிறோம்.